வெல்லமும் அம்மோனியாவும் ஒரே வாளியில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

பெங்களூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில், அல்சூரிலிருந்து ராமமூர்த்தி நகர் வரை, மண்ணை வளப்படுத்தும் மூன்று கலவைகள் அடிக்கடி தயாராகின்றன. முதலாவது, சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு ஆகியவற்றைத் தண்ணீரில் ஊறவிட்டுச் செய்யும் ஜீவாமிர்தம். அடுத்தது, கோமியத்திலும் வெல்லக் கரைசலிலும் ஊறவைத்த பயோசார் என்னும் கரித்தூள். மூன்றாவது, கழிவுப்பாகும் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ்) யூரியாவும் தெளித்து மட்கவிடும் தென்னை நார்க்கழிவு. பார்வைக்கு மூன்றும் வெவ்வேறாக இருந்தாலும், மூன்றிலும் ஒருபுறம் சர்க்கரையும், மறுபுறம் கோமியமோ யூரியாவோ சிதைந்து தரும் அம்மோனியாவும் இருக்கின்றன. எனவே அவை கெடும் விதங்களும் ஏறத்தாழ ஒன்றே.

சர்க்கரைக்கும் அம்மோனியாவுக்கும் இடையே இரு வழிகளில் உறவு ஏற்படலாம். ஒன்று நேரடி வேதிவினை. குளுக்கோஸ் போன்ற, வினைபுரியும் முனை திறந்திருக்கும் ‘ஒடுக்கும்’ சர்க்கரையின் அந்தக் கார்பனைல் முனையில் அம்மோனியா இணைந்து, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, குளுக்கோசைலமீன் உருவாகிறது; அது அமடோரி மறுசீரமைப்பு (மூலக்கூறு தன் அணுக்களை இடம் மாற்றிக்கொள்வது) வழியாக உருமாறி, பல படிகள் கடந்து, மெலனாய்டின் எனப்படும் பழுப்புப் பெருமூலக்கூறுகளில் முடிகிறது. அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் கொண்டு 1912-ல் இந்த வகை வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார், மண்ணின் மட்குப் பொருளும் இவ்வழியில் உருவாகக்கூடும் என்று அப்போதே கருதினார். இரண்டாவது வழி உயிரியல் சார்ந்தது. நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு, அமிலங்களை உமிழ்ந்து, அம்மோனியாவைத் தம் உடல் புரதமாக்கிக்கொள்கின்றன. வீட்டு வாளியில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான். ஆனால் நிறம் மாறியதும் நாம் முதலாவதை நினைத்துக்கொள்கிறோம். பல தவறான சிகிச்சைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

தொடங்கும் முன், அமில-காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பி.எச். தாள் ஒரு கட்டும் ஒரு வெப்பமானியும் கையில் இருக்கட்டும். பி.எச். தாளை மீன் வளர்ப்புக் கடைகளிலும் வாங்கலாம். வேலை திறந்த வெளியில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து நடக்க வேண்டும். அம்மோனியா இருக்கும் பாத்திரத்தைப் பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த கழுவு திரவமோ கொண்டு கழுவவே கூடாது. குளோரமின் என்னும் நச்சுவாயு கிளம்பும். அம்மோனியா கரைசல் கண்ணில் தெறித்தால், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூடியைத் திறந்ததும் கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறது

பி.எச். தாளின் ஒரு துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து, திரவத்தைத் தொடாமல், அதன் மேற்பரப்புக்கு நான்கு விரல் உயரத்தில் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள். தாள் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் பின் நீலத்துக்கும் ஏறினால், அம்மோனியா வாயுவாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து இன்னொரு துண்டைத் திரவத்திலேயே நனைத்துப் பாருங்கள். அந்த எண்ணே நோயின் கடுமையைச் சொல்லும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருப்பதில்லை, பி.எச். 8-ல் அது சுமார் 5 விழுக்காடு; 9-ல் சுமார் 36; 10-ல் 85-ஐ எட்டுகிறது. வெயிலில் கலவை 35 டிகிரிக்குச் சூடேறிவிட்டால், பி.எச். 9-லேயே பாதிக்குமேல் வாயு வடிவத்துக்கு மாறிவிடும்.

பி.எச். ஏன் ஏறியது என்பதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. பழைய கோமியம் முதலாவது: அதிலுள்ள யூரியாவை யூரியேஸ் என்னும் நொதி உடைத்து அம்மோனியம் கார்பனேட் ஆக்குவதால், நாள்பட்ட கோமியத்தின் பி.எச். 9-ஐ நெருங்கிவிடும். நகரத்தின் பல பகுதிகளில் கிடைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருப்பது இரண்டாவது. ஆனால் பலரும் கவனிக்கத் தவறுவது கரித்தூளைத்தான். விறகிலிருந்து புதிதாகச் சுட்ட கரியில் சாம்பல் கலந்திருப்பதால் அது காரத்தன்மை கொண்டது. அம்மோனியாவைப் பிடித்துவைப்பதற்காகப் போடும் அதே கரி, கழுவாமல் போட்டால், அம்மோனியாவை விரட்டவும் செய்கிறது. கரியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, வடிநீரின் பி.எச். 8-க்குக் கீழே வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்; அல்லது நீர்த்த வினிகரில் ஒரு இரவு ஊறவிடலாம்.

ஏற்கெனவே நெடி கிளம்பிவிட்ட கலவைக்கு, புளித்த மோரையோ, கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலக் கரைசலையோ சிறிது சிறிதாகச் சேர்த்து, பி.எச். 7.5-க்குக் கீழே இறக்குவதே உடனடி வழி. பீப்பாயை நிழலுக்கு நகர்த்தி, கழுவிய ஈரக் கரித்தூளையோ நார்க்கழிவையோ இரண்டு அங்குலக் கனத்தில் மேலே பரப்பலாம். சுண்ணாம்போ சாம்பலோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. கூடுதலாக வெல்லம் போட்டால் நெடி அடங்கும் என்று சொல்லப்படுவது உண்மைதான்; ஆனால் அதற்குக் காரணம் சர்க்கரை அம்மோனியாவைப் பிடித்துக்கொள்வது அன்று. ஓரிரு நாளில் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கி பி.எச்.-ஐ இறக்குகின்றன. ஆகவே அந்த ஓரிரு நாளில் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) போனதுதான். அவசரத்துக்கு அமிலமே உதவும்.

வாரக்கணக்கில் வைத்தும் நிறம் மாறவில்லை

சர்க்கரையையும் அம்மோனியாவையும் வேண்டுமென்றே வினைபுரியவைத்து, மெதுவாகத் தழைச்சத்தை விடுவிக்கும் பழுப்புப் பொருளை உண்டாக்கி, அதைக் கரியில் ஏற்ற விரும்புவோர் சந்திக்கும் சிக்கல் இது. பெரும்பாலும் பழி சர்க்கரையின் மேல்தான் விழ வேண்டும். வெள்ளைச் சீனி கிட்டத்தட்ட முழுவதும் சுக்ரோஸ். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தத்தம் வினைபுரியும் முனைகளாலேயே ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், அம்மோனியா வந்து சேர இடமே கிடையாது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ஒடுக்கும் சர்க்கரை பொதுவாகப் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மழைக்காலத்தில் கசிந்து இளகிப்போன வெல்லத்தில் அது கூடுதல் என்பதால், சமையலுக்கு ஆகாது என்று மண்டியா வெல்லக் கடையில் ஒதுக்கிவைக்கும் கட்டியே இந்த வேலைக்கு உகந்தது. விலையும் குறைவு.

சுக்ரோஸை முதலில் உடைத்தாக வேண்டும். ஒரு கிலோ வெல்லத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பி.எச். 4-க்குக் கீழே இறங்கும் வரை சிட்ரிக் அமிலம் சேர்த்து, இளந்தீயில் அரை மணி நேரம் கொதிநிலையை ஒட்டி வைத்தால், சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். பிரிந்ததா என்பதை மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையைக் கொண்டே பார்க்கலாம். அந்தப் பட்டை குளுக்கோஸுக்கு மட்டுமே நிறம் மாறும், சுக்ரோஸுக்கு மாறாது. பாகில் ஒரு சொட்டை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் நீர்த்து, சூடாக்கும் முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் நனைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அமிலமாகப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சாற்றிலுள்ள வைட்டமின் சி பட்டையின் நிறமாற்றத்தைத் தடுத்து, இருக்கும் குளுக்கோஸை இல்லையென்று காட்டிவிடக்கூடும்.

சர்க்கரை சரியாக இருந்தும் நிறம் வரவில்லையென்றால் பி.எச்.-ஐப் பாருங்கள். வினைபுரிவது அம்மோனியம் அயனி அன்று. அதன் ஹைட்ரஜன் கழன்ற அம்மோனியாதான். உடைப்பதற்காகச் சேர்த்த அமிலம் அப்படியே இருந்தால் அம்மோனியா முழுவதும் அயனியாக முடங்கிக் கிடக்கும். பி.எச். 8 முதல் 8.5 வரை உயர்த்தினால் வினையும் நடக்கும், இழப்பும் ஓரளவுக்குக் கட்டுக்குள் இருக்கும். அம்மோனியம் சல்பேட் போட்டுவிட்டுக் காரம் சேர்க்காமல் காத்திருப்பவர்களும், யூரியாவை மட்டும் கொட்டிவிட்டு அதை உடைக்கும் நொதிக்கு வழி செய்யாதவர்களும் இதே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள். யூரியாவுக்குச் சிறிது தோட்ட மண்ணோ சாணமோ போதும். இரண்டிலும் யூரியேஸ் உண்டு.

மற்றவை வெப்பமும் நீரும். பத்து டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு விரைவுபெறும். பெங்களூரின் டிசம்பர் இரவில், 15 டிகிரியை ஒட்டிய குளிரில், நீர்த்த கரைசல் மாதக்கணக்கில் வெளிறியே இருக்கலாம்; அதற்குள் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். இருநூறு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ வெல்லம் சேரும் ஜீவாமிர்தத்தில் சர்க்கரையின் செறிவு ஒரு விழுக்காடுதான். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பயன்படுத்தும் அந்தக் கலவையில் மெலனாய்டினைத் தேடுவது வீண்; அங்கே வெல்லம் நுண்ணுயிருக்கு உணவு, அவ்வளவே.

ஒரே இரவில் கறுத்துவிட்டது, கருகிய பாகு வாசனை வருகிறது

வெல்லத்தைக் கொதிக்கவைத்து அழுக்கை வடித்துவிட்டு, ஆறவிடாமல் அப்படியே நாள்பட்ட கோமியத்தில் ஊற்றினால் இது நேரும். கெட்டியான பாகு, சூடு, காரத்தன்மை ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. ஏப்ரல் வெயிலில் மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பீப்பாய்க்குள், சற்று மெதுவாக, இதுவே நிகழலாம்.

முதலில் இது அம்மோனியாவின் வேலைதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். அம்மோனியா துளியும் இல்லாவிட்டாலும், காரம் மட்டுமே ஒடுக்கும் சர்க்கரையைச் சிதைத்துப் பழுப்பாக்கும். ஒரே பாகை இரு கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, ஒன்றில் கோமியமும் மற்றொன்றில் அதே பி.எச். உள்ள தெளிந்த சுண்ணாம்பு நீரும் கலந்து, மூடியைத் தளர்வாக வைத்து, ஒரே வெயிலில் வையுங்கள். இரண்டும் சமமாகக் கறுத்தால், நிறத்துக்குள் தழைச்சத்து புகுந்திருக்கிறது என்று சொல்ல ஆதாரமில்லை. கோமியப் பாட்டில் தெளிவாக முந்திக்கொண்டு, வறுத்த தானியத்தின் வாசனையும் தந்தால், அம்மோனியா வினையில் சேர்ந்திருக்கிறது. அந்த வாசனை பைரசின் சேர்மங்களுக்கு உரியது. காப்பிக்கொட்டை வறுபடும்போது எழும் மணத்திலும் இந்தக் குடும்பம் உண்டு.

தழைச்சத்து முழுவதும் பறந்துபோகவில்லை என்பது ஆறுதல். ஆனால் தங்கியது பைரசின், இமிடசோல் போன்ற வளையங்களுக்குள்ளும் மெலனாய்டினுக்குள்ளும் புகுந்துவிட்டதால், செடிக்கு உடனே எட்டாது. இப்படிக் கறுத்த கலவையை ஊட்டநீராக ஊற்றுவதைவிட மட்குரக் குவியலில் தெளித்துவிடுவது நல்லது. அங்கே பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நிதானமாக அதைக் கவனித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கலவையோ, அதில் ஊறிய வைக்கோலோ, பாகின் இனிப்பு வாசனைக்கு வரும் மாட்டின் வாய்க்குப் போகக் கூடாது. சர்க்கரையும் அம்மோனியாவும் சூட்டில் சேரும்போது 4-மெத்தில் இமிடசோல் என்னும் நச்சுச் சேர்மம் உருவாகிறது. அம்மோனியா ஏற்றிய கழிவுப்பாகையும் தீவனத்தையும் தின்ற மாடுகள் வெறிபிடித்ததுபோல் ஓடி மோதிக்கொண்டதும், தாய்ப்பசுவின் பால் வழியாகக் கன்றுகளும் பாதிக்கப்பட்டதும் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இதே சேர்மத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் 2பி பிரிவில் வைத்தது. அம்மோனியா சேர்த்துத் தயாரிக்கும் உணவுக் கேரமல் நிறமிகளில் இதற்கு வரம்பும் விதிக்கப்படுகிறது. மொட்டைமாடியில் மாடு வராது. ஆனால் மிச்சத்தைத் தெருமுனைப் புல்தரையில் கொட்டினால், அங்கே மேயும் மாடு நிச்சயம் வரும்.

கறுப்பு நீர் கிடைத்திருக்கிறது. இது ஹியூமிக் அமிலமா?

மண்ணின் மட்கிலிருந்து பிரித்தெடுக்கும் கரும்பொருளே ஹியூமிக் அமிலம். காரத்தில் கரைகிறது, அமிலம் விட்டால் திரிந்து அடியில் படிகிறது, ஆகவே இது ஹியூமிக் அமிலம் என்று ஒரு சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. விற்பனையாளர்கள் சிலர் வாடிக்கையாளர் கண் முன்னே இதைச் செய்து காட்டுவதும் உண்டு. அந்தச் சோதனை ஹியூமிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கும் முறையின் வரையறைதானே தவிர, அடையாளச் சான்று அன்று. பெரிய மூலக்கூறுகள் கொண்ட மெலனாய்டினும் அதே விதமாக நடந்துகொள்ளக்கூடும். சர்க்கரையும் அமீன்களும் கூடியே மண்ணின் மட்கு பிறக்கிறது என்ற மயாரின் கருத்து நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்தது. மாங்கனீஸ் ஆக்சைடு போன்ற மண் தாதுக்கள் இவ்வினையைச் சாதாரண வெப்பத்திலேயே விரைவுபடுத்தும் என்பது ஆய்வகங்களில் காட்டப்பட்டும் இருக்கிறது. எனினும் மண்ணில் நிலைத்திருக்கும் கரிமப் பொருளில் பெரும்பங்கு தாவர எச்சங்களிலிருந்தும் நுண்ணுயிர்களின் உடல்களிலிருந்தும் வருகிறது என்பதே இன்று வலுவாக நிற்கும் பார்வை.

மெலனாய்டின் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரும்பு, துத்தநாகம் போன்றவற்றைப் பற்றிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. எளிதில் சிதையாமல் மண்ணில் தங்கவும் செய்யும். எத்தனை பிடிவாதமாகத் தங்கும் என்பதற்கு, கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைகளின் கழிவுநீரே சாட்சி: நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்குப் பின்னும் அதன் பழுப்பு நிறம் போகாமல் இருப்பதற்கு மெலனாய்டின்களே முக்கியக் காரணம். உங்கள் பாட்டிலில் இருப்பதை மெலனாய்டின் கரைசல் என்று எழுதி வையுங்கள். ஹியூமிக் அமிலத்துக்குச் சொல்லப்படும் அளவுகளை இதற்குப் பொருத்தாதீர்கள்.

அம்மோனியா வாசனை தானாகவே போய், புளித்த வாசனை வந்துவிட்டது

கெடுதல் ஒன்றும் இல்லை. லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் உருவாகி, அம்மோனியா அவற்றின் உப்பாக மாறியிருக்கிறது. பி.எச். 5-ஐ ஒட்டியிருக்கும். இதைச் சர்க்கரை அம்மோனியாவை விழுங்கிவிட்டது என்று எண்ணி, புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு தூவுபவர்கள், அடுத்த நிமிடமே பழைய நெடி முழு வேகத்தில் திரும்புவதைக் காண்பார்கள். புளிப்பை அப்படியே விட்டு, பத்து மடங்கு நீர்த்துப் பயன்படுத்தலாம்.

கலவை பொங்கி வழிகிறது, கேன் உப்புகிறது

அமிலம் சேர்த்தவுடன் பொங்கினால், அது நாள்பட்ட கோமியத்தின் கார்பனேட்டிலிருந்து வரும் கரியமில வாயு. பீப்பாயைப் பாதிக்குமேல் நிரப்பாமல், அமிலத்தைக் கரண்டி கரண்டியாக விட்டால் போதும். எதுவும் சேர்க்காமலே கேன் உப்பினால் அது நொதித்தல். மூடியை இறுக்காமல், துணி கட்டி வைக்க வேண்டும். உப்பிய கேனை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது.

ஊற்றிய பிறகு செடி வாடுகிறது அல்லது வெளுக்கிறது

இரு வேறு நோய்கள் இங்கே ஒரே பெயரில் வருகின்றன. ஊற்றிய ஓரிரு நாளில் இலை விளிம்பும் நுனியும் கருகி, வேர்முனை பழுப்பாகத் தெரிந்தால், காரணம் மிகுதியான அம்மோனியாவும் உப்பும். தொட்டியில் இரண்டு, மூன்று முறை தண்ணீர் நிறைய விட்டு வடித்து, அடுத்த முறை பி.எச். 7-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் சீராக மஞ்சளாகி, வளர்ச்சி நின்றால், அது தழைச்சத்துப் பற்றாக்குறை. உரம் கொடுத்தும் பற்றாக்குறையா என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சர்க்கரையில் கார்பன் ஏறத்தாழ 420 கிராம். நுண்ணுயிர்கள் அதில் நாற்பது விழுக்காட்டைத் தம் உடலாக்கிக்கொள்வதாக வைத்தால் 168 கிராம். எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற விகிதத்தில் அவற்றுக்குத் தேவைப்படுவது 21 கிராம் நைட்ரஜன், அதாவது சுமார் 45 கிராம் யூரியாவில் உள்ள அளவு. கலவையில் அவ்வளவு அம்மோனியா இல்லையென்றால், மிச்சத்தை மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கரைசலில் பாதி அம்மோனியா முதல் வாரமே பறந்திருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். நுண்ணுயிர்கள் மடிந்து சிதையும்போது இந்தக் கடன் தானாகத் திரும்பும். சில வாரங்கள் பொறுக்கலாம். பொறுக்க முடியாத கீரைப்பாத்திக்கு, நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசலோ, லிட்டருக்கு ஒரு கிராம் யூரியாவோ போதும். இந்த நிலையில் மேலும் வெல்லம் ஊற்றுவது மட்டும் கூடாது.

பீப்பாயின் அடியில் வெள்ளைப் படிவு

சர்க்கரை உறைந்துவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் அது ஸ்ட்ரூவைட், மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். நாள்பட்ட கோமியத்தின் அம்மோனியாவும் பாஸ்பேட்டும், கடினநீரின் மக்னீசியத்தோடு, பி.எச். உயர்ந்த இடத்தில் சேர்ந்து படிகமாகின்றன. கடினநீரின் கால்சியமும் கார்பனேட்டாக அதோடு படியலாம். விரலில் தேய்த்தால் மணல்போல் நெருநெருக்கும், தண்ணீரில் கரையாது. சர்க்கரையாக இருந்தால் கரைந்துவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மெதுவாகத் தரும் நல்ல உரம் இது. சுரண்டி எடுத்து, தொட்டி மண்ணோடு கலந்துவிடுங்கள். பீப்பாயில் ஒட்டிக்கொண்ட மிச்சம் வினிகர் விட்டு ஊறவைத்தால் இளகும். அந்த வினிகர் நீரையும் வடிகாலில் கொட்டாமல், நீர்த்து மட்குரக் குவியலுக்கே விடலாம்.